யார் நோட்டில் எழுதுவது? - ஜாவா லாக் கதை

கல்யாண வீட்டுக்கு வரும் சமையல்காரர், பந்தல்காரர், பூக்காரர் எல்லோரும் ஆளுக்கொரு கணக்கு நோட்டோடு வந்து, "எங்க நோட்டில்தான் எழுதுவோம்" என்று அடம்பிடித்தால்? ராத்திரி கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான். ஜாவா உலகில் ஏறக்குறைய இதே கூத்து நடந்தது!

புரோகிராம் ஓடும்போது என்ன நடந்தது, எங்கே பிழை வந்தது என்று எழுதி வைக்கும் குறிப்புதான் லாக். 1996ல் செம்பர் என்ற ஐரோப்பியத் திட்டத்துக்காக எழுதிய சிறு கருவி வளர்ந்து லாக்4ஜே ஆனது. அதை உருவாக்கியவர் ஜெகி குல்ஜூ. 2002ல் வந்த ஜாவா 1.4ல் சன் நிறுவனம் தானே ஒரு லாக் வசதியைச் சேர்த்தது. ஆக, நோட்டு இரண்டு.

புரோகிராம் எழுதுபவருக்குக் கவலையில்லை, பிடித்ததை எடுத்துக்கொள்வார். சிக்கல் லைப்ரரிகளுக்குத்தான். பலருடைய புரோகிராமுக்குள் வேலைக்குப் போகும் லைப்ரரி எந்த நோட்டில் எழுதுவது?

அதே 2002ல் அப்பாச்சியின் ஜகார்த்தா காமன்ஸ் லாகிங் வந்தது. லைப்ரரி இதனிடம் சொன்னால் போதும், எந்த லாக் இருக்கிறது என்று இதுவே ஓடும்போது தேடிக் கண்டுபிடிக்கும். யோசனை நல்லதுதான். ஆனால் ஒரே சர்வரில் பல புரோகிராம்கள் ஓடும்போது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிளாஸ்லோடர் இருக்கும். அங்கே இந்தத் தேடல் தடுமாறியது. புரியாத பிழைகள் வந்தன, மெமரி விடுபடாமல் தேங்கியது.

2005ல் குல்ஜூவே எஸ்எல்எஃப்4ஜே-யைத் தொடங்கினார். இதில் தேடுதல் வேட்டை கிடையாது. லைப்ரரிக்குத் தெரிவது ஒரு சின்ன இடைமுகம் மட்டும். எழுதும் வேலையைச் செய்யும் ஜார் கோப்பு எது என்பதைப் புரோகிராமின் சொந்தக்காரர் வைத்துத் தருவார். 1.6 பதிப்பிலிருந்து, ஒன்றுமே வைக்காவிட்டாலும் ஓர் எச்சரிக்கையோடு சும்மா இருந்துவிடும், லைப்ரரி நிற்காது.

இவ்வளவு பிரித்து வைப்பது வீண் வேலை என்று நினைப்பவர்கள் 2021 டிசம்பரை நினைத்துப் பார்க்கலாம். லாக்4ஜே 2ல் லாக்4ஷெல் ஓட்டை வெளியானது. தீவிர மதிப்பெண் 10க்கு 10! லாகில் எழுதப்படும் ஒரு வரியை வைத்தே வெளியாள் சர்வருக்குள் தன் கட்டளையை ஓட்ட முடிந்தது. ஓட்டை இருந்தது எழுதும் பகுதியான லாக்4ஜே-கோரில். இடைமுகப் பகுதியில் அல்ல. இடைமுகத்தோடு நின்றுகொண்ட லைப்ரரிகளில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, சொந்தக்காரர் ஜாரை மாற்றினால் போதும். கோரைத் தன் வயிற்றுக்குள்ளேயே அடைத்துக்கொண்டு வந்த மென்பொருள்களை வைத்திருந்தவர்கள்தான், அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று நாள்கணக்கில் தோண்டினார்கள்.

நடந்ததைச் சொல்வது வேலைக்கு வந்தவர் கடமை. எந்த நோட்டில் எழுதுவது என்பது வீட்டுக்காரர் உரிமை. ஜாவா உலகம் இதைக் கற்றுக்கொள்ளப் பல வருஷம் ஆனது.