ஒரே குழந்தை, இரு படங்கள்: போபாலும் நிறத் தேர்வின் வரலாறும்

1984 டிசம்பர் 2ஆம் நாள் நள்ளிரவையொட்டிப் போபாலின் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு கசிந்தது. அதில் மாண்ட, பெயர் அறியப்படாத குழந்தை ஒன்றின் அடக்கத்தை ரகு ராய், பாப்லோ பார்த்தலோமியோ ஆகிய இரு இந்தியப் புகைப்படக் கலைஞர்கள் படமெடுத்தனர். இரு படங்களிலும் மண் மூடிக்கொண்டிருக்கும் முகமும் திறந்த கண்களுமே உள்ளன. ராயின் படம் கறுப்பு வெள்ளையில் புகழ்பெற்றது. பார்த்தலோமியோவின் வண்ணப்படம் அவ்வாண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் புகைப்படமாகத் தேர்வுபெற்றது. ஒரே துயரம் இரு நிறமொழிகளில் பதிவானதால், நிறத் தேர்வு என்ன செய்கிறது என்பதை ஆராய இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இந்தியாவில் இத்தேர்வைக் கோட்பாட்டு வினாவாக முன்வைத்தவர் ரகுபீர் சிங் (1942–1999). 1974இல் கங்கையைப் பற்றிய நூலோடு தொடங்கிய அவர், இறுதிவரை வண்ணத்தையே தம் மொழியாகக் கொண்டார். மேலைநாட்டுக் கலையுலகம் வண்ணப்படத்தை விளம்பரத்தின் மலிவான கருவியாக எண்ணிய காலம் அது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் வில்லியம் எகிள்ஸ்டனின் வண்ணப்படங்களைக் காட்சிப்படுத்தியபோது எழுந்த கண்டனங்கள் 1976லும் அம்மனநிலை நீங்கவில்லை என்பதைக் காட்டின. ரகுபீர் சிங்கோ, 1998இல் வெளியான 'ரிவர் ஆஃப் கலர்' நூலின் முன்னுரையில், இந்தியப் பார்வை இயல்பிலேயே வண்ணம் சார்ந்தது என்றும், கறுப்பு வெள்ளை மேலைநாட்டு மனத்தின் தனிமையோடும் குற்றவுணர்வோடும் பிணைந்தது என்றும் வாதிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசவைகளில் புகைப்படங்களின்மீது ஓவியர்கள் வண்ணம் தீட்டிய வழக்கம் இவ்வாதத்திற்கு வலுச்சேர்க்கிறது.

ஆயினும் அது முழுமையான வாதம் அன்று. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சுனில் ஜானா கறுப்பு வெள்ளையில் பதிவுசெய்தார். பசியால் மெலிந்த அவ்வுடல்களின் படங்கள் இந்திய அரசியல் நினைவின் பகுதியாயின. கறுப்பு வெள்ளையை அயலார் மொழி என்று ஒதுக்கினால், இந்தியர் தம் துயரத்தை அம்மொழியிலேயே சொல்லிவந்த மரபும் உடன் ஒதுங்கிவிடும்.

தேர்வு எப்போதும் கலைஞனின் கையில் இருந்ததும் இல்லை. கறுப்பு வெள்ளைச் சுருளைச் சிறியதோர் இருட்டறையிலேயே கழுவிவிடலாம். கோடக்குரோம் போன்ற வண்ணச் சுருளில் சாயம் உருவாக்கும் பொருள்கள் கழுவும் கட்டத்திலேயே சேர்க்கப்பட்டதால் அதற்குச் சிறப்பு ஆய்வகம் தேவைப்பட்டது. 1984இல் இந்திய நாளிதழ்கள் பெரும்பாலும் ஒற்றை மையில் அச்சாயின. வண்ணத்தில் எடுத்த படமும் நாளிதழ் வாசகனைச் சாம்பல் நிறத்திலேயே சென்றடைந்தது. ஆகவே, பழைய நாளிதழில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் காணும் மாணவர் அதை எடுத்தவரின் அழகியல் முடிவாகக் கொள்வதற்கு முன், அது அச்சகத்தின் முடிவா என்று வினவ வேண்டும்.

போபால் படங்களுக்கு மீள்வோம். ராயின் படத்தில் மண்ணும் தோலும் அங்கிருக்கும் கையும் ஒரே சாம்பல் தொனியில் கலக்கின்றன. இடமும் நாளும் உதிர்ந்து, அம்முகம் எல்லாத் தொழிற்பேரழிவுகளுக்கும் உரிய சின்னமாகிறது. வண்ணப்படத்தில் மண் மண்ணாகவும் தோல் தோலாகவும் வேறுபட்டு நிற்கின்றன. பார்வை கண்களில் சென்று தைக்கிறது. மெத்தில் ஐசோசயனேட் முதலில் தாக்கும் உறுப்புகளுள் ஒன்று கண் என்பதை அறிந்தவருக்கு அது துயரக் காட்சி மட்டுமன்று, நஞ்சு விட்டுச்சென்ற தடயமும் ஆகும். முதற்படம் இரங்கற்பா எனில் இரண்டாவது சாட்சியம்.

இரங்கலுக்கும் சாட்சியத்துக்கும் இடையிலான இவ்வேறுபாடு வெறும் அழகியல் சிக்கல் அன்று. 1989இல் 47 கோடி டாலருக்கு இழப்பீட்டு உடன்பாடு எட்டப்பட்ட பின்னரும், யார் பாதிக்கப்பட்டார், எவ்வளவு பாதிக்கப்பட்டார் என்ற வழக்குகள் நெடுங்காலம் நீடித்தன. சின்னம் உலகின் மனத்தை அசைத்தது. ஆனால் சின்னமான முகம் எல்லாருக்கும் உரியதாகும்போது, அது ஒரு குறிப்பிட்ட குழந்தையின் முகம் என்பது மங்கிப்போகிறது. தடயத்தைக் காட்டும் படமோ காண்போரை முகம் திருப்பச் செய்யும் ஆபத்தை உடையது. போபாலின் நினைவு இவ்விரு படங்களையும் சுமந்தே வந்திருக்கிறது. அவற்றுள் ஒன்றை மட்டும் பாடநூலில் சேர்ப்பவர், மாணவர் அந்நிகழ்வை இரங்கலாக நினைவுகொள்ள வேண்டுமா, குற்றமாக நினைவுகொள்ள வேண்டுமா என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறார்.