நாம் வாழும் மைசூர் மாநகரம்

உறவினர் ஊரிலிருந்து வந்துவிட்டால், "இரண்டே நாளில் மைசூரைக் காட்டிவிடலாம்" என்று நாம் பெருமையுடன் சொல்வது வழக்கம். முதல் நாள் அரண்மனையும் மிருகக்காட்சி சாலையும் சாமுண்டி மலையும். மறுநாள் காலையில் சீரங்கப்பட்டினம், மாலையில் பிருந்தாவனம். திரும்பும்போது மைசூர்ப்பாகு ஒரு பொட்டலம், சந்தன சோப்பு அரை டஜன். விருந்தினரும் மனநிறைவோடு வண்டி ஏறுகின்றனர். அவர்கள் பார்க்க வந்தவர்கள். பார்த்துச் செல்வது போதும். நாமோ இங்கு வாழ்பவர்கள். நம் மக்கள் பிறந்ததும் படித்ததும் இம்மண்ணில்தான். "லஷ்கர் மொகல்லாவுக்கு அப்பெயர் ஏன் வந்தது?" என்று ஒரு சிறுவன் கேட்டால் விடை சொல்ல நம்மில் எத்துணைப் பேரால் இயலும்?

மைசூரின் அழகு பழமையினால் தானாக வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. இந்நகரம் ஒருமுறை இடிக்கப்பட்டது. ஒருமுறை இதன் அரண்மனை எரிந்தது. ஒருமுறை கொள்ளைநோய் இதன் மக்களை வாரிக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு முறையும் முன்னிலும் சிறப்பாக எழுந்தது. இன்று நாம் நடக்கும் அகன்ற வீதிகள் அந்த எழுச்சிகளின் பயன். அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எருமையூரும் மைசூரும்

மகிஷன் ஊர் என்பதே மைசூர் ஆயிற்று என்பர். மகிஷம் என்றால் எருமை. தலையாலங்கானத்துப் போரில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவருள் எருமையூரன் என்பான் ஒருவன் என்று அகநானூறு கூறுகிறது. அவ்வெருமையூர் இன்றைய மைசூர்ப் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. எனவே இவ்வூரின் பெயர் தமிழ் இலக்கியத்திற்குப் புதியதன்று.

1399-ல் யதுராயர் உடையார் மரபைத் தோற்றுவித்தார் என்பது அரசகுல வரலாறு. 1610-ல் இராஜ உடையார் சீரங்கப்பட்டினத்தைக் கைப்பற்றித் தலைநகரை அங்கு மாற்றினார். தசரா விழாவை அரசவிழாவாக அவர் தொடங்கியதும் அங்கேதான். அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் மைசூர் ஒரு சிறு கோட்டையூராகவே இருந்தது. ஆயினும் மன்னர்கள் குலதெய்வத்தை மறக்கவில்லை. தொட்ட தேவராஜ உடையார் பதினேழாம் நூற்றாண்டில் சாமுண்டி மலைக்கு ஆயிரம் படிகள் அமைத்தார். நடுவழியில் ஒரே பாறையில் நந்தியும் செதுக்குவித்தார். பேருந்தில் மலையேறுவோர் ஒருமுறையேனும் அப்படிகளில் ஏறிப் பார்த்தல் வேண்டும். கீழே நகரம் முழுவதும் ஏரிகளோடும் மரங்களோடும் விரிந்து கிடப்பதை அங்கிருந்து காண்பது கண்கொள்ளாக் காட்சி.

சென்று திரும்பிய கற்கள்

1780-களின் பிற்பகுதியில் திப்பு சுல்தான் மைசூரின் பழைய கோட்டையையும் ஊரையும் இடிக்கச் செய்து, அக்கற்களைக் கொண்டு சற்றுக் கிழக்கே நஜர்பாத் என்னும் புதுக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அது நிறைவேறவில்லை. 1799-ல் அவர் சீரங்கப்பட்டினத்தில் வீழ்ந்தார். ஐந்து வயதுப் பாலகராகிய மும்மடி கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் முடிசூட்டப்பட்டார். திவான் பூர்ணய்யாவின் ஆட்சிப் பொறுப்பில், நஜர்பாத்திற்குப் போன கற்கள் மீண்டும் பழைய இடத்திற்கே வந்து கோட்டையாயின. இன்று நஜர்பாத் மொகல்லா என்னும் பெயர் மட்டும் அந்நிகழ்ச்சிக்குச் சான்றாக நிற்கிறது.

மற்ற மொகல்லாக்களின் பெயர்களும் இவ்வாறே பொருள் பொதிந்தவை. லஷ்கர் என்றால் படை; படையினர் தங்கிய பகுதி லஷ்கர் மொகல்லா. மண்டி என்னும் சொல்லை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் அரிசி மண்டி, வெல்ல மண்டி என்று வழங்கும் அதே சொல். கோட்டையைச் சார்ந்தது கோட்டை மொகல்லா. தேவராஜ, கிருஷ்ணராஜ, சாமராஜ மொகல்லாக்கள் அரசர் பெயரைத் தாங்கியவை. படை, வாணிகம், அரசு ஆகிய மூன்றும் சேர்ந்து நகரமான கதையை இப்பெயர்களே கூறிவிடுகின்றன.

திவான்களும் இருப்புப் பாதையும்

1881-ல் ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பை மீண்டும் உடையார் குலத்திடம் ஒப்படைத்தனர். பத்தாம் சாமராஜேந்திர உடையாரின் முதல் திவானாக அமர்ந்தவர் செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த ரங்காசார்லு. அவ்வாண்டிலேயே அவர் மைசூர்ப் பிரதிநிதி சபையைத் தோற்றுவித்தார். தசரா காலத்தில் நாட்டின் பல பகுதியினரும் கூடித் தம் குறைகளை அரசின் முன் வைத்த அவை அது. 1883-ல் அவர் மறைந்தார். அவர் நினைவாக எழுந்ததே பெரிய மணிக்கூண்டின் அருகிலுள்ள நகர மண்டபம். நாள்தோறும் அதைக் கடந்து செல்லும் நம்மவர் பலர் அதன் முழுப்பெயரைப் படித்துப் பார்த்ததில்லை.

இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எனக்கு இப்பகுதியில் மற்றொரு செய்தி மனத்திற்கு நெருக்கமானது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் மைசூர்ச் சீமை சொல்லொணாத் துயருற்றது. பஞ்சத்தில் வாடிய மக்களுக்கு வேலையும் கூலியும் அளிக்கவும், இனியொரு பஞ்சம் வந்தால் தானியத்தை விரைவில் கொண்டு சேர்க்கவும் எண்ணிப் பெங்களூர்–மைசூர் மீட்டர் கேஜ் பாதை மேற்கொள்ளப்பட்டது. 1882-ல் வண்டி மைசூரை வந்தடைந்தது. ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூருக்கு அதற்கு முன்பே பாதை இருந்தது. ஆக, தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இருப்புப் பாதை வழியாகவே இங்கு வந்து சேரும் காலம் பிறந்தது. நஞ்சன்கூட்டிற்கு 1891-லும், சாமராஜநகருக்கு 1926-லும் பாதை நீண்டது. அதற்கப்பால் காடும் மலையும் குறுக்கிட்டன. சத்தியமங்கலம் வழியாகக் கொங்கு நாட்டோடு இணைக்கும் திட்டம் பலமுறை பேசப்பட்டும் நிறைவேறவில்லை. அது மட்டும் கைகூடியிருப்பின் கோயமுத்தூர் அன்பர்கள் பெங்களூரைச் சுற்றாமல் வந்திருப்பார்கள்! 1993-ல் பெங்களூர்–மைசூர் பாதை அகலப் பாதையாயிற்று. 1979-ல் தொடங்கப்பெற்ற நம் இரயில் அருங்காட்சியகத்தில் 1899-ஆம் ஆண்டின் மகாராணியார் பெட்டி இருக்கிறது. குழந்தைகளை அங்கு அழைத்துச் செல்வோர், பஞ்சத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லுதல் நலம்.

ரங்காசார்லுவிற்குப் பின் 1883 முதல் 1901 வரை திவானாக இருந்தவர் பாலக்காட்டைச் சேர்ந்த தமிழரான சேஷாத்திரி ஐயர். அவர் முயற்சியால் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டு 1902-ல் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அச்சுரங்கங்களில் உழைத்தோரில் பெரும்பாலோர் தமிழரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மைசூர் நகருக்கு 1908-ல் மின்விளக்கு வந்தது. மிருகக்காட்சி சாலை 1892-ல் தொடங்கியதும் இவர் காலத்தில்தான்.

இக்காலத்திற்குரிய கீழ்த்திசை நூலகம் 1891-ல் திறக்கப்பட்டது. தஞ்சாவூர்ப் பகுதிப் பண்டிதர் ஒருவர் அங்குக் கொண்டுவந்து கொடுத்த ஓலைச்சுவடிகளுள் ஒன்றே, மறைந்துபோயிற்று என்று உலகம் எண்ணியிருந்த கௌடலியரின் அர்த்தசாஸ்திரம். நூலகத்தைச் சேர்ந்த சாமா சாஸ்திரியார் அதனை 1905-ல் இனங்கண்டு 1909-ல் அச்சிட்டார். உலக அறிஞர் வியந்த அக்கண்டுபிடிப்பு தஞ்சை ஓலையாலும் மைசூர்ப் புலமையாலும் விளைந்தது.

தீயும் கொள்ளைநோயும்

1897-ல் இளவரசி ஜயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது மரத்தாலான பழைய அரண்மனை தீக்கிரையாயிற்று. மன்னர் சாமராஜேந்திரர் 1894-லேயே மறைந்துவிட்டார், மகன் சிறுவர். அந்நிலையில் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த அரசியார் வாணி விலாசர், கலங்காது புதிய அரண்மனைக்கு ஆணையிட்டார். அதனை வரைந்தவர் ஹென்றி இர்வின். சென்னை எழும்பூர் இரயில் நிலையத்தின் வடிவமைப்பும் இவருடையதே. எழும்பூரில் வண்டி ஏறி மைசூர் அரண்மனையைக் காண வருபவர், ஒருவர் கைவண்ணத்தையே இரண்டிடத்திலும் காண்கிறார். 1912-ல் நிறைவுற்ற இவ்வரண்மனைக்கு ஆன செலவு 41 இலட்சம் ரூபாய்க்கு மேல்.

தீயை அடுத்து நோய் வந்தது. 1898-ல் பிளேக் மைசூர்ச் சமஸ்தானத்தில் புகுந்தது. 1891-ல் 74,000-க்கு மேலிருந்த நகர மக்கள்தொகை 1901-ல் 68,000 ஆகக் குறைந்தது. நெருக்கமான சந்துகள், காற்றும் வெயிலும் புகாத வீடுகள், தானியம் குவிந்த கடைகள், அவற்றில் பெருகிய எலிகள், எலியின் மேலிருந்த தெள்ளுப்பூச்சி என இவை யாவும் கூடி அந்நோயை வளர்த்தன. இதற்குத் தீர்வு மருந்தில் மட்டும் இல்லை, ஊரின் அமைப்பிலேயே இருக்கிறது என்பதை ஆட்சியாளர் உணர்ந்தனர். 1903-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு அமைக்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய அமைப்புகளுள் மிக முற்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. நெரிசலான பகுதிகள் திறக்கப்பட்டன, வீதிகள் அகலமாயின, வீட்டு வரிசைகளுக்குப் பின்னே துப்புரவுச் சந்துகள் விடப்பட்டன. லட்சுமிபுரம், கிருஷ்ணமூர்த்திபுரம், வாணி விலாச மொகல்லா போன்ற விரிவுப் பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன. நம் வீட்டின் பின்புறமுள்ள சந்தைக் குப்பை கொட்டும் இடமாகக் கருதுவோர், அது பல்லாயிரம் உயிர்களை இழந்தபின் கற்ற பாடம் என்பதை அறிதல் வேண்டும்.

பேட்டைதோறும் ஒரு சிறப்பு

இனி, வழிகாட்டி நூல்கள் விரைந்து கடந்துபோகும் சில இடங்களைக் குறிப்பிடுவேன்.

வொண்டிக்கொப்பலில் பேராசிரியர் கோபாலசுவாமி 1935-ல் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையம் தொடங்கினார். அதற்கு வழங்கிய 'ஆகாசவாணி' என்னும் பெயரே பின்னாளில் அனைத்திந்திய வானொலிக்கும் உரியதாயிற்று. யாதவகிரியில் ஆர். கே. நாராயணன் வாழ்ந்த இல்லம் 2016 முதல் நினைவில்லமாகத் திகழ்கிறது. சென்னையில் பிறந்த தமிழராகிய அவர், மைசூரில் வாழ்ந்து மால்குடி என்னும் ஊரைப் படைத்து உலகப் புகழ் பெற்றார். மகாராஜா கல்லூரியைக் காணும்போது, 1918 முதல் 1921 வரை மைசூரில் தத்துவம் கற்பித்த டாக்டர் இராதாகிருஷ்ணனை நினைக்காமல் இருக்க இயலாது. அவர் கல்கத்தாவிற்குப் புறப்பட்ட நாளில் மாணவர்கள் வண்டிக் குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாமே இழுத்துச் சென்றது நம் இரயில் நிலையத்திற்குத்தான். அரண்மனை வித்துவானாக இருந்து சாமுண்டேசுவரி மீது 108 கீர்த்தனைகள் இயற்றிய முத்தையா பாகவதர், நெல்லைச் சீமையின் ஹரிகேசநல்லூரைச் சேர்ந்தவர்.

லஷ்கர் மொகல்லாப் பக்கம் விண்ணளாவி நிற்கும் புனித பிலோமினா ஆலயத்திற்கு 1933-ல் அடிக்கல் நாட்டியவர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார். இந்து மன்னர் ஒருவர் கிறித்தவ ஆலயத்திற்குக் கல் நாட்டியது இந்நகரின் பண்பைக் காட்டும். அவரது ஆட்சியின் வெள்ளிவிழா நினைவாக 1927-ல் எழுந்த பெரிய மணிக்கூண்டில் எண்கள் கன்னடத்தில் அமைந்துள்ளன. எண் கற்கும் குழந்தைகளுக்கு அது நல்ல பாடம்.

தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966-ல் உதகையிலிருந்து மைசூருக்கு வந்தது. தமிழ்நாட்டுக் கோயில் கல்வெட்டுகளின் ஆயிரக்கணக்கான மைப்படிகள் நெடுங்காலம் இங்கே இருந்தன. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. சோழர் பாண்டியர் வரலாறு எழுதப் புகுந்தோர் மைசூருக்கு வந்து தங்கிப் படித்த காலம் ஒன்று இருந்தது என்பதை நம் இளைஞர் அறியட்டும்.

நமது கடமை

வீழ்ந்தபோதெல்லாம் எழுந்த நகரம் இது என்றேன். இக்காலத்தில் அதன் பழங்கட்டடங்கள் பேணுதலின்றி மெல்ல மெல்ல வீழ்வதைக் காண்கிறோம். வைசிராயின் வருகையின் நினைவாக எழுந்த லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012-ல் இடிந்து நால்வர் மாண்டனர். நாம் வெற்றிலையும் மல்லிகையும் வாழைப்பழமும் வாங்கும் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி 2016-ல் சரிந்தது. இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழுதுபார்த்துக் காப்பதா என்று நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. உயிருக்கு மேலான கட்டடம் எதுவும் இல்லை. ஆனால் காலத்தே பழுதுபார்த்திருப்பின் இக்கேள்வியே எழுந்திராது அன்றோ!

"நமக்கென்ன, நாம் பிழைக்க வந்தவர்கள்" என்று நம்மவர் சிலர் கூறுவதைக் கேட்டிருக்கிறேன். அவ்வாறு கூறுதல் பொருந்தாது. ரங்காசார்லுவும் சேஷாத்திரி ஐயரும் அவ்வாறு எண்ணவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்த அவர்கள் இந்நகரைத் தம் ஊராகக் கருதி உழைத்தனர். கன்னட மக்களும் அவர்கள் பெயரை மண்டபத்திற்கும் வீதிக்கும் இட்டுப் போற்றுகின்றனர். நவராத்திரிக்கு நம் வீட்டில் கொலு வைக்கிறோம். அண்டை வீட்டுக் கன்னட அம்மையார் தம் பொம்மைகளை அடுக்குகிறார். சுண்டல் இரு வீட்டிற்கும் போகிறது. இவ்வுறவு தலைமுறை தலைமுறையாக நிலைக்க வேண்டுமாயின், நம் பிள்ளைகள் தமிழை மறவாதிருப்பதோடு இவ்வூரின் வரலாற்றையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆதலின் நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலனிப் பிள்ளைகளைத் திரட்டிச் சிறிய மணிக்கூண்டிலிருந்து புறப்பட்டு, நகர மண்டபம், தேவராஜ மார்க்கெட், கீழ்த்திசை நூலகம், இரயில் அருங்காட்சியகம் என நடைப்பயணமாக அழைத்துச் செல்வோம். ஒவ்வோரிடத்திலும் பெரியவர் ஒருவர் ஐந்து நிமிடம் பேசினால் போதும். செலவு அதிகமில்லை, ஆளுக்கு ஒரு பொட்டலம் தயிர்ச்சாதமும் குடிக்கத் தண்ணீரும் மட்டுமே வேண்டும்.

வாழ்க நம் சங்கம்! வளர்க மைசூர் மாநகரம்!