ஒரே நேரத்தில் நாலு வேலை: நேரம் மிச்சமாகுதா, வீணாகுதா? 'மல்டி டாஸ்கிங்' பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?

எக்செல் ஷீட்டில் பில் என்ட்ரி ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் திறந்திருக்கிறது. 'ஓகே சார்' என்று ஒரு பதில் போட்டுவிட்டு வந்தால், எந்த பில்லில் விட்டோம் என்று தேட வேண்டியிருக்கிறது. பதில் போட ஆனது அஞ்சு செகண்ட்தான். ஆனால் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டியவர்களைக் கேட்டால் தெரியும், ஒரு எண் மாறிப்போனால் அதைக் கண்டுபிடிக்கவே பாதி நாள் போய்விடும்.

இதைத்தான் 'மல்டி டாஸ்கிங்' என்று ரெஸ்யூமேயில் பெருமையாக எழுதுகிறோம்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது?

1960களில் கணினித் துறையில் புழங்கத் தொடங்கிய சொல் இது. அன்றைய கணினியும் ஒரே நொடியில் நாலு வேலை செய்யவில்லை. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று படுவேகமாக மாறி மாறிச் செய்தது. பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றாக நடப்பது போலத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் எந்த இடத்தில் விட்டோம் என்பதைக் கணினி அப்படியே பதிந்து வைத்துக்கொள்ளும். நம்ம மூளைக்கு அந்த வசதி இல்லை.

ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலும், மனசின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்கிறார் ஆய்வாளர் சோஃபி லெராய். 2009இல் வெளியான கட்டுரையில் இதற்கு அவர் வைத்த பெயர் 'அட்டென்ஷன் ரெசிட்யூ'. பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் அடிப்பிடிப்பு மாதிரி, கவனத்தில் ஒட்டியிருக்கும் மிச்சம். முதல் வேலை முடியாமல் கிடந்தால் இந்த ஒட்டல் இன்னும் அதிகம்.

'எனக்கு அப்படியெல்லாம் இல்லை, நான் சீக்கிரமே முடிச்சிடுறேன்' என்கிறீர்களா? அதுவும் உண்மையாக இருக்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கீடுகளுக்கு நடுவே வேலை பார்த்தவர்கள் கூடுதல் வேகத்தில் முடித்தார்கள். ஆனால் அவர்களுக்கு மன அழுத்தமும் எரிச்சலும் அதிகமாக இருந்தது. சாயங்காலம் பெரிதாக எதுவும் செய்யாத மாதிரி இருந்தும் உடம்பு அசந்துபோவது ஏன் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

(பாட்டு கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்ப்பது இந்தக் கணக்கில் வராது. யோசிக்க வேண்டிய ரெண்டு வேலைகள் மோதும்போதுதான் சிக்கல்.)

விமானிகளுக்குச் சட்டமே இருக்கு

1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகரில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்து நொறுங்கி, 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கடைசி நிமிடங்களில் விமானிகள் அரசியல், பழைய கார் என்று பேசிக்கொண்டிருந்ததும், உயரத்தைக் கவனிக்கத் தவறியதும் விசாரணையில் தெரியவந்தது. இதுபோன்ற விபத்துகளுக்குப் பிறகு 1981இல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது: பொதுவாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது, விமானத்தை ஓட்டுவதற்குத் தேவையில்லாத பேச்சும் வேலையும் காக்பிட்டில் கூடாது.

பில் என்ட்ரியில் யாரும் சாகப்போவதில்லை. ஆனால் கவனம் சிதறும் விதம் ஒன்றுதான்.

என்ன செய்யலாம்?

லெராயும் தெரசா கிளாம்பும் 2018இல் சொன்ன வழி ரொம்ப எளிது. வேலையை நடுவில் விட வேண்டி வந்தால், எந்த இடத்தில் நிற்கிறோம், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யணும் என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். 'பில் 47 வரை முடிந்தது, 48இல் வரி விகிதம் பார்க்கணும்' என்ற அளவுக்கு இருந்தால் போதும்.

இன்னொன்று, மெயில். கனடாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், ஒரு வாரம் ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள். இஷ்டப்படி பார்த்த வாரத்தைவிட அந்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்தது.

கஸ்டமர் கேரில் இருப்பவருக்கோ, ரெண்டு நிமிஷத்தில் பதில் வரலைன்னா கோபப்படும் மேனேஜரிடம் வேலை பார்ப்பவருக்கோ இது ஒத்துவராது. அங்கே மாற வேண்டியது ஊழியர் இல்லை, குரூப் அட்மின்தான். 'அவசரம்னா போன் பண்றேன், மத்ததை மதியம் பார்த்தா போதும்' என்று அவர் ஒரு மெசேஜ் போட்டால், நோட்டிஃபிகேஷனை மியூட்டில் போட மத்தவங்களுக்கும் தைரியம் வரும்.