செய்தியும் செப்பிடு வித்தையும்: இதழாளர் செல்பிட்டின் வாழ்க்கை

மாயவித்தையின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் கருவிகளையும் கைந்நுணுக்கங்களையுமே நோக்குவர். ஒரு வித்தை மக்களிடையே எவ்வாறு செய்தியாயிற்று என வினவுவோர் சிலரே. அவ்வினாவிற்கு விடை தரத்தக்கது இங்கிலாந்து நாட்டு பி. டி. செல்பிட்டின் வாழ்க்கை. இதழாளராகவும் மேடை வித்தகராகவும் விளங்கிய அவரிடத்து, முன்னைய தொழிலே பின்னைய தொழிலின் புகழுக்கு அடிப்படையாயிற்று என்பதை ஈண்டு நிறுவ முயல்வோம்.

1881இல் இலண்டனிற் பிறந்த அவருடைய இயற்பெயர் பெர்ஸி தாமஸ் டிப்பிள்ஸ். குடிப்பெயரின் ஆங்கில எழுத்துக்களைத் தலைகீழாக்கி, இரட்டித்து நின்ற எழுத்துள் ஒன்றை நீக்கிச் 'செல்பிட்' என்னும் பெயரை அமைத்துக்கொண்டார். இருபது வயதளவில், 1901இல், வித்தகர்க்கு ஒரு கைந்நூல் எழுதினார். 1905 முதல் 1910 வரை 'தி விஸார்ட்' என்னும் வித்தகர் இதழை நடத்தினார். மேடையில் ஒருகாலத்தில் எகிப்திய வேடம் புனைந்து 'ஜோட் ஹெதெப்' என்னும் பெயருடனும் தோன்றினார். பெயரும் வேடமும் மக்களை ஈர்க்கும் ஆற்றலை அவர் இளமையிலேயே உணர்ந்திருந்தார் என்பது இவற்றாற் புலனாம்.

அவருடைய வாழ்வின் தலையாய நிகழ்ச்சி 1921 சனவரி 17ஆம் நாள் இலண்டன் பின்ஸ்பரி பார்க் எம்பயர் அரங்கில் நிகழ்ந்தது. மங்கை ஒருத்தியின் கைகால்களிலும் கழுத்திலும் கயிறு பிணித்து, அவளை மரப்பெட்டியுள் அடைத்தனர். பெட்டிக்கு வெளியே நீண்ட கயிற்று முனைகளை அவையோர் பற்றி நின்றனர். செல்பிட் பெட்டியை நடுவே அறுத்தார். பின்னர் அம்மங்கை ஊறின்றி வெளிவந்தாள்.

வித்தை அரங்கினுள் முடிந்தது. ஆயின் செல்பிட்டின் பணி அரங்கின் வெளியிலும் தொடர்ந்தது. குருதி போன்ற செந்நீரை அரங்கின் முன்னுள்ள சாக்கடையில் வாளி வாளியாகக் கொட்டுவித்தார். நோயாளர் ஊர்திகளை விளம்பரத்துடன் தெருக்களில் ஓடச்செய்தார். முகப்பிற் செவிலியரை நிறுத்தினார். காண்போர் பிறரிடம் சொல்லாமல் இருத்தல் அரிதன்றோ? நாளிதழுக்கு எது செய்தியாகும் என்பதை அறிந்த உள்ளமே இங்குத் தொழிற்பட்டது.

மகளிர் வாக்குரிமைப் போரின் தலைவியருள் ஒருவரான கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டை, வாரம் இருபது பவுண்டு ஊதியத்தில் அறுபடும் மங்கையாக வருமாறு அவர் அழைத்தார், அம்மையார் ஏற்றிலர். 1918இல் முப்பது வயது நிறைந்த மகளிர் பலர் வாக்குரிமை பெற்றிருந்தனர். அவ்வுரிமைக்குப் போராடியவரையே பெட்டியில் அடைக்க விழைந்ததனைப் பழுதற்ற நகைச்சுவை எனக் கொள்ள எம்மால் இயலவில்லை. அக்காலத்து ஆடவர் சிலரின் மனக்கசப்பைக் கணித்தே அவர் இதனைச் செய்தார் எனக் கருதுகிறோம். செய்தியறிவு அறத்தின் வழி நில்லாமையும் உண்டு.

இனி, அவ்வறிவு அவரைக் காத்ததா என நோக்குவோம். அதே 1921இல் ஹோரஸ் கோல்டின் அமெரிக்காவில் இவ்வித்தையைத் தம் முறையில் நிகழ்த்தினார். செல்பிட் அங்குச் சென்றபோது, வித்தைக்குப் பொருந்திய பெயர்களைக் கோல்டின் முன்னரே அரங்க உரிமையாளரிடம் பதிந்து வைத்திருந்தார். பெயரின் ஆற்றலை நன்கறிந்தவர் பெயராலேயே தடையுற்றார். கோல்டின் 1923இற் காப்புரிமையும் பெற்றார். ஆயின், காப்புரிமை பெறுதற்கு மறைபொருளை எழுதி வெளியிடல் வேண்டும். புகையிலை நிறுவனம் ஒன்று 1933இல் தன் விளம்பரத்தில் அவ்வித்தையை விளக்கியபொழுது கோல்டின் தொடுத்த வழக்கு 1938இல் தள்ளப்பட்டது. செல்பிட் மறைந்ததும் அவ்வாண்டிலேயே.

வித்தையோ அழிந்திலது. 1956 ஏப்ரல் 9ஆம் நாள் பிரித்தானியத் தொலைக்காட்சியில் வங்கத்து பி. சி. சர்க்கார் மங்கை ஒருத்தியைச் சுழல்வாளால் அறுத்துக் காட்டினார். அவள் எழுமுன் நிகழ்ச்சி முடிவுற்றது. அவள் இறந்தாள் என அஞ்சியோர் தொலைபேசியில் வினவத் தொடங்கினர். பெட்டியின் மறைபொருள் அச்சேறிய பின்னரும் வியப்புக் குன்றவில்லை. ஆகவே, மறைபொருளினும் அதனைச் சுற்றி எழும் செய்தியே இவ்வித்தைக்கு உயிர் என்பதும், அதனை முதலில் உணர்ந்து ஆண்டவர் இதழாளராகிய செல்பிட் என்பதும் எம் முடிபு.