ஒரு தட்டு, பல அறைகள்

பெங்களூர் நகரின் மொட்டை மாடிகளில் தெற்கும் தென்கிழக்குமாக வானத்தை நோக்கி நிற்கும் சிறு தட்டுகளைக் காணாதவர் இரார். ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக் கோளிலிருந்து வரும் அலையை வாங்கி வீட்டுக்குள் விடுவது அத்தட்டின் பணி. ஒரு தட்டில் வந்த காட்சி வீட்டின் பல அறைகளுக்கும் எவ்வாறு பகிரப்பட்டது என்பது சுவையான வரலாறு. அயல் மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு அது வெறும் கம்பியின் கதையன்று; மொழியின் கதையும் ஆகும்.

இந்திய விண்வெளித் துறை 1972-இல் அமைந்து பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது. 1975 ஆகஸ்டு 1 முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 என்னும் கோளின் துணையோடு, கர்நாடகம் உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் காட்சி ஒளிபரப்பப்பட்டது. அன்று ஊருக்கு ஒரு தட்டு, ஒரு பெட்டி. ஊரே கூடி அமர்ந்து கண்டது. பகிர்வதற்குக் கம்பி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

1990-களின் தொடக்கத்தில் கேபிள் தொலைக்காட்சி பரவியது. பெரிய தட்டு கேபிள்காரரிடம் இருந்தது. தெருவெல்லாம் கம்பி ஓடியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியது. பிழைப்பு நாடி வேற்று மாநிலம் சென்ற தமிழருக்கு வீட்டுக்குள்ளேயே தாய்மொழி கேட்கும் வாய்ப்பு கிட்டியது. அக்காலத்துக் கம்பியில் எல்லாச் சேனல்களும், தத்தம் அலைவரிசையில், ஒரே வேளையில் ஓடின. ஆகவே ‘ஸ்பிளிட்டர்’ என்னும் சிறு பொருளை வைத்துக் கம்பியைப் பிரித்தால் போதும். ஒவ்வோர் அறையிலும் விரும்பியதைப் பார்க்கலாம். பிரிக்குந்தோறும் அலையின் வலிமை குறையும் என்பதொன்றே தொல்லை.

இந்த எளிமை நெடுநாள் நீடிக்கவில்லை. 2013-ஆம் ஆண்டில் பெங்களூரின் கேபிள் ஒளிபரப்பு டிஜிட்டல் முறைக்கு மாறிற்று. பூட்டி அனுப்பப்படும் காட்சியைத் திறக்க, தொலைக்காட்சி ஒவ்வொன்றுக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ் தேவையாயிற்று. அதற்கு முன்பே, 2004-இல் தூர்தர்ஷன் தன் இலவச நேரடி ஒளிபரப்பையும், 2007-இல் சன் டைரக்ட் தன் சேவையையும் தொடங்கியிருந்தன. தெருவுக்கு ஒன்றாயிருந்த தட்டு வீட்டுக்கு ஒன்றாயிற்று.

இங்கே ஒரு புதிய சிக்கல் எழுந்தது. செயற்கைக் கோளின் அலைகள் செங்குத்து, கிடை என இருவகை அதிர்வுகளில் வருகின்றன. எவ்வகை வேண்டும் என்பதைப் பெட்டியே கம்பி வழியாகத் தட்டின் முனையிலுள்ள கருவிக்குத் தெரிவிக்கிறது: 13 வோல்ட் அனுப்பினால் ஒருவகை, 18 வோல்ட் அனுப்பினால் மற்றொன்று. சாதாரண முனைக் கருவியின் ஒற்றைக் கம்பியைப் பிரித்து இரண்டு பெட்டிகளுக்குக் கொடுத்தால், இரண்டும் வெவ்வேறு கட்டளை இடும்போது ஒன்றின் காட்சி மறைந்துபோகும். இரண்டு அல்லது நான்கு வாய்கள் கொண்ட முனைக் கருவியைப் பொருத்தி, பெட்டிக்கொரு கம்பி இழுப்பதே இதற்கு நேரான வழி. அறைகள் மிகுந்த அடுக்குமாடிகளில் ‘மல்டி ஸ்விட்ச்’ என்னும் பங்கீட்டுக் கருவி அவ்வேலையைச் செய்கிறது.

2012-இல் ஐரோப்பாவில் ‘சாட் ஐ.பி.’ என்னும் முறை அறிமுகமாயிற்று. தட்டில் வந்த அலையை இணையத்தின் மொழிக்கு மாற்றி, வீட்டு வலையமைப்பின் வழியே எந்த அறைக்கும் அனுப்பலாம். கம்பியிலும் செல்லும், வைஃபையிலும் செல்லும். இலவசச் சேனல்கள் இவ்வழியில் எளிதாகச் செல்லும். கட்டணச் சேனலுக்கோ அதற்குரிய திறவுகோல் வேண்டும். கான்கிரீட் சுவர்கள் வைஃபை அலையைத் தளர்த்துவதால், நிலையாக ஓரிடத்தில் இருக்கும் தொலைக்காட்சிக்குக் கம்பியே நம்பகமானது.

ஊருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, இப்போது அறைக்கு ஒன்று! இந்தப் பயணத்தில் நமக்கு வந்த நன்மை பெரிது. கூடத்தில் ஒரே பெட்டி இருந்த நாளில், பாட்டி தமிழ் நாடகம் கேட்பார். பேரன் ஆங்கிலக் கார்ட்டூன் கேட்பான். வென்றவர் மொழியே வீட்டில் ஒலித்தது. இரண்டாவது இணைப்பு அந்தச் சண்டையைத் தீர்த்தது. தமிழுக்கென்று ஓர் அறை கிடைத்தது.

ஆனால் அன்பர்களே, அந்த அறையின் கதவு சாத்தியிருந்தால் என்ன ஆகும்? முன்பு பேரன் முணுமுணுத்துக்கொண்டேனும் பாட்டியருகில் அமர்ந்து தமிழைக் காதில் வாங்கினான். வெளியே கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் கேட்கும் குழந்தைக்கு, நல்ல தமிழ் காதில் விழும் இடங்களுள் ஒன்று அந்தக் கூடம். சண்டை ஓய்ந்தபோது அந்தக் கேள்வியும் ஓய்ந்துவிட்டது. பாட்டிக்குத் தமிழ் முழுமையாகக் கிடைத்தது. பேரனுக்கு அது அடுத்த அறைச் சத்தமாயிற்று.

இதற்குக் கருவியைக் குறை கூறுவதில் பொருளில்லை. கம்பி நாம் இழுத்த இடத்துக்குப் போகும். பாட்டியின் அறைக்குப் புதுக் கம்பி இழுப்பவர், கூடத்துப் பெட்டியிலும் நாளுக்கு ஒரு நாழிகை தமிழ் ஒலிக்கட்டும் என்று வீட்டாரோடு பேசி முடிவு செய்யட்டும். அந்த ஒரு நாழிகை எல்லோரும் சேர்ந்து அமரட்டும். புரியாத சொல்லைப் பேரன் கேட்கட்டும், பாட்டி சொல்லட்டும். அதற்குத் தனியாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை.