என் இனிய இயந்திரா: தொடக்க அத்தியாயங்களும் வாசகர் வாதங்களும்

‘என் இனிய இயந்திரா’ சுஜாதா எழுதிய அறிவியல் புனைகதை நாவல். 1980களில் ஆனந்த விகடனில் வாரத் தொடராக வந்து, பின்பு நூலாகி, தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளிபரப்பானது. இதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’. இளம் மனைவி நிலா, காணாமல் போகும் அவள் கணவன் சிபி, அழையாமல் வந்து தங்கும் ரவி, அவனோடு வரும் ஜீனோ என்ற பேசும் இயந்திர நாய் ஆகியோரைச் சுற்றிக் கதை ஓடுகிறது. தமிழில் அறிவியல் புனைகதை என்று பேச்செடுத்தால் முதலில் வந்து விழும் பெயர்களில் இதுவும் ஒன்று. வாசகர்களின் அந்தப் பேச்சில் தொடக்க அத்தியாயங்களுக்குத் தனி இடம் உண்டு.

எழுதியவர்

சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன். 1935 மே 3இல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலும் படித்துவிட்டு, விமானப் போக்குவரத்துத் துறையிலும் பிறகு பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் வேலை பார்த்தார். அந்த நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்த இயந்திரம் முதன்முதலில் 1982 மே மாதம் கேரளத்தின் பரவூர் தொகுதியில் ஓட்டு வாங்கியது. வாக்குப்பதிவு இயந்திரத்தோடு வேலை பார்த்த அதே பத்தாண்டில்தான், சர்வாதிகாரி ஒருவர் ஆளும் இந்தியாவை அவர் விகடன் வாசகர்களுக்கு வாராவாரம் காட்டினார்.

இயந்திரா அவருடைய முதல் அறிவியல் புனைகதை அல்ல. கணிப்பொறியின் ஆட்சியில் உணர்ச்சி மறந்து வாழும் மக்களைப் பற்றி ‘சொர்க்கத் தீவு’ ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் பேர் சொன்னதும் அடையாளம் தெரிகிற பாத்திரமாக நின்றது ஜீனோதான்.

கதை தொடங்கும் விதம்

கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். நாட்டை ஆள்பவர் ஜீவா. அவரை வாழ்த்தாமல் பொழுது விடிவதில்லை. குடிமக்களுக்கு எண் உண்டு. பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது. குறிப்பிட்ட வயதைத் தாண்டிய முதியவர்களை அரசே முடித்துவிடும். பிள்ளை பெற்றுக்கொள்ளவும் விண்ணப்பம் போட்டு, அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டும்.

நிலாவுக்கும் சிபிக்கும் அந்த அனுமதி கிடைக்கிற சந்தோஷத்தில் கதை தொடங்குகிறது. அடுத்த அடி உடனே விழுகிறது: அவர்கள் வீட்டில் ரவி என்பவன் தங்க வேண்டும் என்கிறது அரசு ஆணை. வந்தவன் கையோடு நாயையும் அழைத்து வந்திருக்கிறான். ரவியைப் பற்றி விசாரிக்கக் கிளம்பிய சிபி வீடு திரும்பவில்லை. வீட்டில் மிஞ்சுவது ஒரு பெண், ஓர் அந்நியன், ஓர் இயந்திரம்.

பாத்திரங்களின் பெயர்களை எண்ணிப் பார்ப்பது வாசகர்களுக்குப் பிடித்த வேலை. நிலா, சிபி, ரவி, ஜீவா: எல்லாமே இரண்டெழுத்து. நாட்டை ஆள்பவரே தன் சட்டத்துக்கு அடங்கியிருக்கிறார். ஜீனோவும் அப்படியே. மனிதருக்கான பெயர் வரம்பு நாய்க்கும் பொருந்தியிருப்பதைப் படிக்கும்போது பலர் கவனிப்பதில்லை. கவனித்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லாமல் விடுவதில்லை.

காலமும் சூழலும்

அன்றைய தமிழ்நாட்டில் கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்கள் குறைவு. புதிய கணிப்பொறிக் கொள்கையை ராஜீவ் காந்தி அரசு அறிவித்தது 1984 நவம்பரில். ரயில் முன்பதிவு கணினிக்கு மாறத் தொடங்கியது 1980களின் நடுவில், அதுவும் தில்லியில். ரோபோ என்பது பெரும்பாலோருக்குக் கேள்விப்பட்ட சங்கதி மட்டுமே.

ஆனால் அனுமதிக்குக் காத்திருக்கும் தம்பதியைப் புரிந்துகொள்ள விஞ்ஞானம் தேவைப்படவில்லை. சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ வாசகமும் ஆரம்ப சுகாதார நிலையச் சுவர்களில் இருந்தன. 1981 கணக்கெடுப்பு இந்திய மக்கள்தொகையை 68 கோடிக்கு மேல் என்றது. நெருக்கடி நிலையின்போது வட மாநிலங்களில் நடந்த கட்டாயக் கருத்தடை முகாம்களின் நினைவு ஆறவில்லை. சீனா 1980இல் ஒரு குழந்தைக் கொள்கையை நாடு முழுவதற்கும் கொண்டுவந்திருந்தது. சிமென்ட்டுக்கு பர்மிட், தொலைபேசி இணைப்புக்கு வருடக்கணக்கில் காத்திருப்பு, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் ரேஷன் கார்டு என்று பழகிய வாசகருக்கு, குழந்தைக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் என்பது அடுத்த படியாகவே தெரிந்தது. தமிழ் வீடுகளுக்குள் அறிவியல் புனைகதை நுழைந்தது விண்வெளிக் கப்பலில் அல்ல, அரசு அலுவலகத்தின் கியூவில்.

தொடர்கதையும் பைண்டு புத்தகமும்

வாரத் தொடருக்கென்று ஒரு வாசிப்பு முறை அந்தக் காலத்தில் இருந்தது. இதழ் வீட்டுக்கு வந்ததும் யார் முதலில் படிப்பது என்ற சண்டை முதல் கட்டம். எல்லோரும் படித்து முடித்ததும் அந்தப் பக்கங்களை மட்டும் பின்னைக் கழற்றிப் பிரித்தெடுத்து, வரிசையாக அடுக்கி வைப்பது அடுத்த கட்டம். தொடர் முடிந்ததும் அட்டை போட்டுத் தைத்து பைண்டு செய்வார்கள். முதுகில் பேனாவால் எழுதிய தலைப்பு, நடுநடுவே பாதி வெட்டுப்பட்ட ஜோக், சோப்பு விளம்பரம், ஏதோ ஒரு வாரம் கிடைக்காமல் போன அத்தியாயத்துக்கான இடைவெளி. வாடகை நூலகங்களில் பல தொடர்கதைகள் இந்தக் கோலத்தில்தான் கைமாறின.

நூலாக வாங்கிப் படிப்பவருக்கு நிலா, சிபியைத் தேடும் பக்கங்கள் ஒரே மூச்சில் தீர்ந்துவிடும். தொடராகப் படித்தவர்களுக்கு சிபி ஒரு வாரம் முழுக்கக் காணாமல் போயிருந்தான். ரவி நல்லவனா, அவன் சொல்வதை நாய் ஒப்புக்கொள்கிறதா என்று ஊகிக்க அந்த ஏழு நாளும் அவர்களுக்குக் கிடைத்தன.

அந்த இயந்திர நாயை மனதில் வரைவது ஊருக்கு ஊர் மாறும். கடலூர் மாவட்டத்தின் மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டி வட்டாரத்தில் ‘இயந்திரம்’ என்றாலே மனதில் வருவது நெய்வேலி. 1956இல் தொடங்கிய என்.எல்.சி. நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கத்தில், வாளிகள் பூட்டிய ராட்சதச் சக்கரத்தால் மண்ணை அள்ளும் அகழ்பொறிகள் அங்கே அன்றாடக் காட்சி. அந்த அளவில் பார்த்தால், மடியில் உட்கார்ந்து வாக்குவாதம் செய்யக்கூடிய சின்ன இயந்திரமாக ஜீனோவைக் கற்பனை செய்ததே சுஜாதாவின் முதல் துணிச்சல். 

ஓயாத வாதங்கள்

ஜீனோ சொந்தச் சரக்கா என்பது ஒரு வாதம். பிரிட்டனின் ‘டாக்டர் ஹூ’ தொடரில் கே-9 என்ற பேசும் இயந்திர நாய் 1977இல் வந்துவிட்டது. அடுத்த ஆண்டு அமெரிக்காவின் ‘பேட்டில்ஸ்டார் கேலக்டிகா’விலும் ஓர் இயந்திர நாய் இருந்தது. எனினும் கே-9 பெரும்பாலும் எஜமானின் கட்டளைக்குக் காத்திருக்கும் கருவி. ஜீனோ புத்தகம் படிக்கிறது, கிண்டல் செய்கிறது, படித்ததை வைத்துக்கொண்டு தானாக யோசிக்கிறது, யார் பக்கம் நிற்பது என்றுகூட முடிவெடுக்கிறது. சோனி நிறுவனம் ஐபோ என்ற வளர்ப்பு ரோபோ நாயை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1999இல். அதற்குப் பேச்சு வரவில்லை.

இரண்டாவது வாதம் ஜீவாவைப் பற்றியது. நாடே வணங்கும் தலைவர் ரத்தமும் சதையுமான ஆள் அல்ல, ஹோலோகிராம் பிம்பம் என்பது கதையின் பெரிய திருப்பம். தெரிந்துகொண்டு மறுபடி படிப்பவர்கள் தொடக்க அத்தியாயங்களில் அதற்கான துப்பு தேடுவார்கள். ஹோலோகிராபியின் அடிப்படையை டென்னிஸ் கபோர் 1940களின் பிற்பகுதியிலேயே கண்டுபிடித்தார். 1960இல் லேசர் வந்த பிறகே அது உருப்படியாக வேலை செய்தது. 1971இல் அவருக்கு நோபல் பரிசு. ஆக, சுஜாதா கையில் எடுத்தது அன்றே ஆய்வகத்தில் இருந்த நுட்பம். பிற்காலத்தில் 2012 குஜராத் தேர்தல் பிரசாரத்தில் முப்பரிமாண பிம்பம் மேடையேறியது. மறைந்த கருணாநிதி 2024இல் செயற்கை நுண்ணறிவு உதவியோடு விழாத் திரையில் பேசினார். நுட்பத்தைப் பொறுத்தவரை ஜீவா இன்று ஆச்சரியம் இல்லை.

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலின் நிழல் எவ்வளவு என்பது மூன்றாவது. எங்கும் நிறைந்த தலைவர், கண்காணிக்கும் அரசு ஆகியவை அங்கிருந்து வந்தவை என்பதை மறுப்பவர் அரிது. வயது வரம்புக்கு ‘லோகன்ஸ் ரன்’ நாவலையும் (1967) காட்டுவார்கள். ஆர்வெல்லிடம் இல்லாத ஒன்றைச் சுஜாதா ரசிகர்கள் பதிலுக்கு நீட்டுவார்கள்: சிரிப்பு.

வெளிநாட்டு ரசிகர்கள்

தொடக்க அத்தியாயத்தைத் தோண்டித் துருவுவதில் ‘ஸ்டார் ட்ரெக்’ ரசிகர்களை மிஞ்ச ஆள் இல்லை. ஜீன் ராடன்பெரி உருவாக்கிய அந்தத் தொடர் 1966 செப்டம்பர் 8இல் ‘தி மேன் ட்ராப்’ கதையோடு அமெரிக்காவில் தொடங்கியது. அதற்கு முன்பே, இரண்டாவது முன்னோட்டமாக எடுக்கப்பட்ட ‘வேர் நோ மேன் ஹேஸ் கான் பிஃபோர்’ மூன்றாவதாகத்தான் ஒளிபரப்பானது. ஆகவே அதில் சீருடை வேறு. கப்பலின் மருத்துவர் வேறு. கேப்டனுக்காகத் தோண்டப்பட்ட கல்லறையில் ‘ஜேம்ஸ் ஆர். கிர்க்’ என்று செதுக்கியிருக்கும். பிறகு அவர் ஜேம்ஸ் டி. கிர்க் ஆனார். அந்த ‘ஆர்’ எழுத்தாளரின் கவனக்குறைவா, கல்லறை தோண்டிய நண்பனின் குறும்பா என்று ரசிகர்கள் ஐம்பது வருடத்துக்கு மேல் மோதிக்கொண்டிருக்கிறார்கள். 1980களில் தூர்தர்ஷனின் ஞாயிறு காலை ஒளிபரப்பில் அதே தொடர் இந்திய வீடுகளுக்கும் வந்தது.

தொலைக்காட்சியும் பிறகும்

தூர்தர்ஷனில் வந்த ‘என் இனிய இயந்திரா’வில் சிவரஞ்சனியும் ஆனந்தும் நடித்தனர். கதையைப் படித்தவர்கள் மனதில் வரைந்திருந்த ஜீனோவோடு திரையில் கண்ட ஜீனோவை ஒப்பிட்டது அடுத்த தலைமுறைப் பேச்சு.

2008 பிப்ரவரி 27இல் சுஜாதா மறைந்தார். அவர் வசனப் பங்களிப்போடு ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1இல் வெளியானபோது, பழைய வாசகர்கள் சிட்டி ரோபோவின் வாய்த்துடுக்கில் ஜீனோவைத் தேடினார்கள்.

கதையின் 2020கள் நிஜத்திலும் வந்தன. அனுமதிச் சீட்டு வரவில்லை, நேர்மாறாகத்தான் நடந்தது. சீனா 2016இல் ஒரு குழந்தைக் கொள்கையைக் கைவிட்டு, 2021இல் மூன்று குழந்தைகள் வரை அனுமதித்தது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில் ஒரு திருமண விழாவில் பேசிய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையைக் காரணம் காட்டி, புதுமணத் தம்பதிகள் தாமதிக்காமல் குழந்தை பெற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.