உயர் மின்னழுத்தமும் சிங்கப்பூர் மரப்பாலும்

ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போயிருக்கீங்களா? தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். மின்னணுப் பொருள்களில் சில சர்க்யூட் போர்டுகள் கறுப்புப் பிசினுக்குள் முழுசாகப் புதைந்திருப்பதைப் பார்த்திருப்பீங்க. உயர் மின்னழுத்தம் ஈரத்தின் வழியாகவோ காற்றின் வழியாகவோ தாவிவிடக் கூடாது என்றுதான் எப்பாக்சியோ சிலிக்கோனோ ஊற்றி மூடுகிறார்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் போச்சு! பொறி அங்கேதான் முதலில் கிளம்பி, பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். அதனால் பிசினை வெற்றிடத்தில் வைத்துக் குமிழிகளை எடுத்துவிடுகிறார்கள்.

போர்டுகள் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கல் கடலடித் தந்திக் கம்பிக்கு வந்தது. அதற்குக் கிடைத்த தீர்வு நம்ம ஊரிலிருந்து போனது: கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால். (தேர்வில் ரப்பர் என்று எழுதிவிடாதீங்க, அது வேறு மரம்.) மலாய்க்காரர்கள் இதைப் பாராங் கத்திக்குப் பிடியாகப் பயன்படுத்தினார்கள். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும், கடல்நீரில் கெடாது. சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த வில்லியம் மாண்ட்கோமரி 1843இல் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். ஜோசே டி அல்மெய்டாவும் அதே ஆண்டு அனுப்பினார். 1848இல் ஃபாரடே இதன் மின்காப்புத் தன்மையைப் பற்றி எழுதினார். 1851இல் ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் இதைப் போர்த்திய கம்பி வெற்றிகரமாக இயங்கியது.

அடுத்து அட்லாண்டிக். 1858 ஆகஸ்டில் கம்பி இணைந்தது. விக்டோரியா அரசியாரின் 98 சொல் செய்தி போய்ச்சேர 16 மணி நேரம் ஆனது! வேகம் போதாது என்று மின்பொறியாளர் ஒயிட்ஹவுஸ் சுமார் 2,000 வோல்ட் கொடுத்தார். சில வாரங்களில் கம்பி செத்தது. பழி முழுவதையும் அவர்மேல் போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து. சில இடங்களில் செம்புக் கம்பி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தது. அங்கே காப்பு மெலிந்து போயிருந்தது. அந்தப் பலவீனத்தை உயர் மின்னழுத்தம் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

இன்னொரு கணக்கையும் வகுப்பில் சொல்லுங்கள். பால் எடுக்க மரத்தையே வெட்டிச் சாய்த்தார்கள். 1845 முதல் 1847 நடுப்பகுதி வரை சிங்கப்பூரிலிருந்து ஏற்றுமதியானது 6,918 பிக்கல். ஒரு பிக்கல் ஏறக்குறைய 60 கிலோ. அதற்குப் பத்து மரம் என்பது டாக்டர் ஆக்ஸ்லியின் கணக்கு. அப்படியானால் 69,000 மரங்களுக்கு மேல்! சில ஆண்டுகளில் தீவுக் காடுகளில் பெரிய மரங்களைத் தேட வேண்டியதாயிற்று.

1871இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி வந்தது. கப்பலில் நாள்கணக்கில் வந்துகொண்டிருந்த ஊர்ச்சேதி, அந்த மரப்பால் போர்த்திய கம்பிக்குள் ஓடி வந்தது.